ஸ்டாப்வாட்சை நம்பிய ஸ்கவுட்: பள்ளி கேட்சர்களை எடைபோடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேஜர் லீக் பேஸ்பால் அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஜூலையில் நடக்கிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்கள் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடும். ஆண்டுதோறும் ஜார்ஜியா மைதானங்களில் வலைக்குப் பின்னால், அணிகளுக்காகத் திறமை தேடும் சில புதிய ஸ்கவுட்கள் வந்து உட்காருகிறார்கள். நாங்கள் ஒரு காலத்தில் செய்தவற்றையே அச்சு மாறாமல் செய்கிறார்கள். தாமதமாக வருவது, பெற்றோரிடம் வாயைக் கொடுப்பது போன்றவற்றை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வார்கள். கேட்சர் விஷயத்தில் அப்படித் திருந்துவதில்லை. (கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர்களுக்கு: கேட்சர் விக்கெட் கீப்பரைப் போலக் குந்தியிருப்பவர், ஆனால் மட்டையில் படாத பந்தெல்லாம் அவர் கையுறைக்குத்தான் வர வேண்டும். பந்தை எறிபவர் பிட்சர். ரன்னர் வரிசையாக ஓடிச் சேர வேண்டிய இடங்கள் பேஸ்கள்.)

ஷோகேஸ் நேரத்தை வைத்துக் கோடு கிழிப்பது

ஷோகேஸ் என்பது ஸ்கவுட்கள் முன் பையன்கள் திறமையைக் காட்டும் நிகழ்ச்சி. அங்கே எடுத்த நேரத்தை வைத்து ஆளைக் கழிப்பதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. பந்து கேட்சரின் கையுறையில் விழும் சத்தம் முதல், அவன் எறிந்த பந்து இரண்டாம் பேஸில் நிற்பவரின் கையுறையை அடையும் வரை ஆகும் நேரம்தான் பாப் டைம். பிட்சர் எறியும்போதே அடுத்த பேஸுக்கு ஓடி அதைத் திருடப் பார்க்கும் ரன்னரை மடக்கத்தான் அந்த எறி. தூரம் 127 அடிக்குச் சற்று மேல். மேஜர் லீக் சராசரி 2.0 விநாடியை ஒட்டி இருக்கும். 20 முதல் 80 வரையிலான நம் அளவுகோலில் அதற்கு 50, 1.9 என்றால் வழக்கமாக 60.

ஷோகேஸில் மட்டையாளர் இல்லை, ரன்னரும் இல்லை. எறியப் போகிறோம் என்பது பையனுக்கு முன்பே தெரியும். பந்து வருவதற்குள் பாதி எழுந்து, முன்னால் நகர்ந்து வாங்குகிறான். அந்தப் பக்கம் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம் பேஸுக்குப் பக்கத்தில் நிற்கும் ஃபீல்டர்) பேஸுக்கு நான்கு அடி முன்னால் வந்து பிடிக்கிறான். மணிக்கு 75 மைல் வேகத்தில் அதுவே 0.04 விநாடி. நம் கட்டைவிரலும் சத்தத்துக்குக் காத்திராமல் முந்திக்கொள்ளும். இப்படித்தான் 2.05 என்பது 1.89 ஆகிறது.

சென்ற பருவத்தில் ஓர் இளைஞர் இந்த எண்களை வைத்தே பட்டியல் போட்டிருந்தார். 2.0-க்கு மேல் போனவர்கள் எல்லாரும் வெளியே. முதலிடத்தில் இருந்த பையனைப் பார்க்க இருவரும் போனோம். மூன்றாவது இன்னிங்ஸில் ரன்னர் ஓடினான். பந்து வெளிப்பக்கம் விலகி வந்தது. பையனின் கால்கள் சிக்கிக்கொண்டன. வேகமாகத்தான் எறிந்தான். ஆனால் பந்து உயரே போயிற்று. குதித்துப் பிடித்துக் கீழே இறக்குவதற்குள் ரன்னர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். என் கடிகாரம் 2.17 காட்டியது. எதிரணி கேட்சர் அன்று இரண்டு முறை எறிந்தான்: 2.04, 2.06. இரண்டுமே முழங்கால் உயரத்தில், ரன்னரின் கால் வந்து சேரும் இடத்திலேயே விழுந்தன. "இவன் யார்?" என்று இளைஞர் ஆர்வமாகக் கேட்டார். அவரே அடித்துவிட்ட பெயர்களில் ஒன்று.

இதன் விலை சிறியதல்ல. கல்லூரிக்கு ஒப்புக்கொண்டுவிட்ட பையனைத் திருப்ப பத்து லட்சம் டாலருக்கு மேலும் ஆகலாம். டிராஃப்டின் முதல் பத்துச் சுற்றுகளில் தேர்வானவர்களுக்குக் கொடுக்க அணியிடம் இருப்பது ஒரே போனஸ் தொகுப்பு. ஒருவனுக்கு அதிகம் கொடுத்தால் இன்னொருவனுக்குக் குறைக்க வேண்டும்.

எனவே ரன்னர் ஓடும்போது எடுத்த நேரத்தையே எழுதுங்கள். அதையும் இரண்டாக உடையுங்கள். பந்தை வாங்கியதிலிருந்து கைவிடும் வரை ஆவது கால்களின் வேலை, பயிற்சியில் தேறும். கைவிட்டதற்குப் பிறகு ஆவது தோளின் வேலை; பதினெட்டு வயதில் அது அவ்வளவாக மாறாது. பிட்சரின் நேரத்தையும், அதாவது அவன் அசையத் தொடங்கியதிலிருந்து பந்து கேட்சரை அடையும் வரை ஆவதையும், பக்கத்திலேயே குறியுங்கள். நல்ல ரன்னருக்கு இரண்டாம் பேஸை அடைய ஏறத்தாழ 3.3 முதல் 3.4 விநாடி பிடிக்கும். பிட்சர் 1.3-இல் அனுப்பினால் கேட்சருக்கு 2.0 போதும். 1.6 எடுத்துக்கொள்ளும் பள்ளி பிட்சருக்கு, மேஜர் லீக்கின் பெரும் கேட்சரான யாடியர் மோலினாவையே உட்கார வைத்தாலும் ரன்னர் போய்விடுவான்.

2023-இல் பேஸ்கள் பெரிதாக்கப்பட்டு, பிட்சர் ரன்னரை மடக்க எறிவதற்கும் வரம்பு வந்தது. மேஜர் லீக்கில் திருடப்பட்ட பேஸ்கள் 2,486-லிருந்து 3,503 ஆயின. அணிகள் பாப் டைமைக் கேட்டு நச்சரிப்பது நியாயம்தான். அதனால்தான் அது பொய்யான எண்ணாக இருக்கக் கூடாது.

மெதுவான பந்தில் கைகளை மதிப்பிடுவது

மணிக்கு 80 மைல் பந்தை யாரும் அழகாகப் பிடிப்பார்கள். சிறந்த பள்ளி ஆட்டக்காரர்கள் கூடும் கோடை ஏரியா கோட் கேம்ஸ், அக்டோபர் ஜூபிடர் போட்டி இரண்டிலும் 95 மைல் பந்தையும் வளைந்து இறங்கி மண்ணில் குத்தும் ஸ்லைடர் பந்தையும் அவன் எப்படி எதிர்கொள்கிறான் என்று பாருங்கள். கண் சிமிட்டுகிறானா, முகத்தைத் திருப்புகிறானா என்பது அங்கேதான் தெரியும்.

"ஆட்டத்தை நன்றாக நடத்துகிறான்"

அறிக்கையில் இப்படி எழுதாதீர்கள். பிட்சர் எந்தப் பந்தை வீச வேண்டும் என்று சொல்வது பெஞ்சில் இருக்கும் பயிற்சியாளர். பையனின் மணிக்கட்டில் உள்ள குறியீட்டு அட்டையைப் பாருங்கள்.

ஒரு முட்டியை ஊன்றினால் சோம்பேறி

மேஜர் லீக்கில் இன்று பெரும்பாலானோர் அப்படித்தான் உட்காருகிறார்கள்.

உயரமானவனை ஒதுக்குவது

ஜோ மாவர் 6 அடி 5 அங்குலம். 2001-இல் பள்ளியிலிருந்தே முதல் தேர்வு. கேட்சராக இருந்துகொண்டே மூன்று முறை பேட்டிங் பட்டம். 2024-இல் ஹால் ஆஃப் ஃபேம். உயரத்தை விட்டுவிட்டு இடுப்பும் கணுக்காலும் மடங்குகின்றனவா என்று பாருங்கள்.

ஃப்ரேமிங் இனி வேண்டாம் என்று முடிவுகட்டுவது

எல்லையோரப் பந்தையும் ஸ்ட்ரைக் (மட்டையாளருக்கு எதிராகக் கணக்காகும் பந்து) என்று அம்பயர் சொல்லும்படி வாங்குவதுதான் ஃப்ரேமிங். 2026 முதல் மேஜர் லீக்கில் ஸ்ட்ரைக்கா இல்லையா என்ற அம்பயரின் தீர்ப்பை எதிர்த்து முறையிடலாம். ஆனால் ஓர் அணிக்குக் கிடைப்பது இரண்டு வாய்ப்புகள். வென்றால் மட்டும் வாய்ப்பு கையில் நிற்கும். மற்ற பந்துகளில் அம்பயர் சொன்னதுதான் முடிவு. எப்போது முறையிட வேண்டும் என்று அறிந்த கேட்சருக்கு மதிப்பு கூடத்தான் செய்யும்.

மாற்று இடத்தை எழுதாமல் விடுவது

2004-இல் பதினோராம் தேர்வாகப் போன நீல் வாக்கர் பள்ளியில் கேட்சர். மேஜர் லீக்கில் இரண்டாம் பேஸ்மேன். 2009-இல் மூன்றாம் சுற்றில் கேட்சராகத் தேர்வான வில் மையர்ஸ், 2013-இல் அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகமானது அவுட்ஃபீல்டராக (மைதானத்தின் வெளிப்பகுதியில் நிற்பவராக). முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் பையன் எங்கே ஆடுவான், அங்கே அவனுடைய பேட்டிங் போதுமா? இந்த இரண்டு வரி இல்லாத அறிக்கையை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.