பேஸ்ட்டுக்கு ஏது மெட்டீரியல்?

வெப்பம் எப்படிப் பரவும் என்று கணக்கிடும் சிமுலேஷன் மென்பொருளில் ஒரு மாதிரி: சிப் ஒன்று, அதன் மேல் சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட் சிங்க், நடுவே இரண்டுக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் 0.1 மி.மீ. தெர்மல் பேஸ்ட். முதலில் பேஸ்ட்டையும் தனித் திண்மமாகவே வரைந்தேன். அந்தப் படலத்துக்குள் மெஷ் (கணக்கிடுவதற்காக வடிவத்தைப் பிரிக்கும் சிறு துண்டுகள்) பொடிப்பொடியாகி, கணினி திணறிவிட்டது. சரி என்று அதை அழித்துவிட்டு, இரண்டும் தொடும் முகத்தில் மெல்லிய அடுக்கு என்ற நிபந்தனையைப் போட்டேன். ரன் கொடுத்தால், "வெப்பக் கடத்துதிறன் வரையறுக்கப்படவில்லை" என்று பிழை.

மெட்டீரியல் பட்டியலில் பேஸ்ட் இருக்கத்தான் செய்தது. அரை நாள் அதையே முறைத்துக்கொண்டிருந்தேன். அது எந்தப் பகுதிக்குப் பொருந்தும் என்ற தேர்வு 'டொமைன்' (முழுத் திண்மம்) மட்டத்திலேயே நின்றிருந்தது. அழித்த திண்மத்தோடு தேர்வும் காலி. அதை 'பவுண்டரி' (முகம்) என்று மாற்றினேன். தொடும் முகமோ உள்ளே ஒளிந்திருக்கிறது, சொடுக்கினால் வெளிமுகம்தான் சிக்குகிறது. ஹீட் சிங்க்கை மறைத்துவிட்டுத்தான் பிடிக்க முடிந்தது.

இப்போது ஓடியது. ஆனால் பேஸ்ட்டின் இருபுறமும் 5000 டிகிரி வித்தியாசம்! கைக்கணக்கு போட்டேன்: 50 வாட், 10 சதுர செ.மீ., கடத்துதிறன் 1 வாட்/மீ·கெ. தடிமனைக் கடத்துதிறனால் வகுத்து வெப்பப் பாயத்தால் (வாட்டைப் பரப்பால் வகுத்தது) பெருக்கினால் வர வேண்டியது 5 டிகிரி. வடிவம் மி.மீ.யில் இருந்தாலும் தடிமன் கட்டம் மீட்டரில் எடுத்துக்கொள்கிறது. நான் வெறும் 0.1 என்று அடித்திருந்தேன். அலகையும் சேர்த்து எழுதினேன், 5 வந்தது.

பேஸ்ட்டுக்குப் பதில் செப்புத் தகடு என்றால் அடுக்கின் வகையையும் மாற்ற வேண்டும். அங்கே வெப்பம் குறுக்கே தடைபடாது, முகத்தோடு பரவும்.