வெயில் நாட்டுக்கு நாயோடு குடிபோகிறீர்களா? முதலில் மாதத்தைப் பாருங்கள்

நாயைக் கூட்டிக்கொண்டு வெளிநாடு போவதென்றால் எல்லாருக்கும் விமானப் பயணம்தான் பெரிய பயமாக இருக்கும். அந்தக் கூண்டுக்குள் எப்படி இருக்கும், தண்ணீர் குடிக்குமா, பயந்துவிடுமா என்று ராத்திரி தூக்கம் வராது. ஆனால் விமானம் ஒரு நாள் விஷயம். குளிர்ந்த ஊரில் வளர்ந்த நாய்க்கு வெயில் ஊரில் இறங்கிய பிறகு வரும் முதல் இரண்டு மாதம்தான் உண்மையான சோதனை. அதனால் டிக்கெட் பார்ப்பதற்கு முன்னால், போகிற ஊரில் எந்த மாதம் வெயில் தணிகிறது என்று பாருங்கள். அந்த மாதத் தொடக்கத்தில் போய் இறங்குவதாக முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி ஒவ்வொரு வேலைக்கும் தேதி குறியுங்கள். வேலையில் சேரும் நாள் கோடை நடுவில் விழுந்தால் நீங்கள் முதலில் போங்கள், நாய் அதற்குப் பழகியவர் ஒருவரிடம் இருந்துவிட்டுப் பின்னால் வரட்டும். மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் நாய்க்கு அதுதான் நல்லது. எப்படியும் ஓடுபாதையில் வெப்பம் 29 டிகிரியைத் தாண்டினால் நாயை ஏற்ற மறுக்கும் விமான நிறுவனங்கள் உண்டு.

பின்னோக்கி எண்ணும்போது அதிக நாட்களை விழுங்குவது ரேபிஸ் சம்பந்தப்பட்ட வேலை. வரிசை மாறக்கூடாது: முதலில் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப், அதற்கப்புறம் தடுப்பூசி. சிப் வைப்பதற்கு முன்னால் போட்ட ஊசியைப் பல நாடுகள் கணக்கிலேயே எடுப்பதில்லை, திரும்பப் போடச் சொல்வார்கள். சிப் 15 இலக்க ஐஎஸ்ஓ வகையாக இருக்க வேண்டும். ஊசி வேலை செய்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கும் டைட்டர் டெஸ்டையும் சில நாடுகள் கேட்கும், அதில் 0.5 IU/ml அளவாவது வர வேண்டும். காத்திருப்பு நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைய, எந்த நாட்டிலிருந்து போகிறீர்கள் என்பதைப் பொறுத்து, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் ஆகலாம். ஆஸ்திரேலியாவுக்கு ரத்த மாதிரி ஆய்வகம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 180 நாள். ஆக, ஆறேழு மாதத்துக்கு முன்னாலேயே தொடங்கிவிடுங்கள். போகிற நாட்டின் அரசு இணையதளத்தில் உள்ள விதியை நீங்களே படியுங்கள். உங்கள் நாயின் இனத்துக்கு அங்கே தடை இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நாய்க்குப் பாதத்தின் அடியில் தவிர பெரிதாக வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியேற்றும். மூச்சுப் பாதையே குறுகலாக இருக்கும் நாய்க்கு அது சரியாக முடியாது. அதனால்தான் பல விமான நிறுவனங்கள் இந்த இனங்களைச் சரக்குப் பகுதியில் ஏற்றுவதே இல்லை. போய்ச் சேர்ந்த பிறகும் அவற்றுக்கு ஒவ்வொரு கோடையும் ஆபத்துதான். உங்கள் நாயின் மூச்சைக் கேட்டுப் பார்த்து மருத்துவர் என்ன சொல்கிறாரோ அதற்கு மதிப்புக் கொடுங்கள். எந்த இனமானாலும், கிளம்புவதற்கு முன்னால் கூடுதல் எடையைக் குறைத்துவிடுங்கள், கொழுப்பு உள்ள உடம்பு சூட்டை விடாது.

கூண்டை வாங்கியதும் வீட்டில் திறந்து வைத்து, உள்ளே சாப்பாடு போடுங்கள், பழைய போர்வையை விரியுங்கள். எங்கள் நாய் முதல் வாரம் முழுக்க அதை முகர்ந்து பார்த்ததோடு சரி. அப்புறம் ஒருநாள் மதியம் தானாகவே உள்ளே போய்த் தூங்கியது, அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதி வந்தது. குறைந்தது ஒரு மாதமாவது இதற்கு ஒதுக்குங்கள். உள்ளே நாய் தலை இடிக்காமல் நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதோடு முன்னங்கால் உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம் கிடைக்கும். கிண்ணத்தில் தண்ணீரை முந்தின நாளே உறைய வைத்து மாட்டினால், ஏற்றும்போது சிந்தாமல் மெதுவாக உருகும். தூக்க மருந்து மட்டும் கொடுக்காதீர்கள். வானத்தில் ரத்த அழுத்தமும் மூச்சும் குறைந்தால் பார்க்க யாரும் இல்லை.

போய் இறங்கியதும் அது துள்ளுகிறதே என்று வெளியே ஓட விடாதீர்கள். முதல் சில நாள் விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் பத்துப் பதினைந்து நிமிட நடை போதும், பிறகு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். உடம்பு முழுசாகப் பழக இரண்டு மாதம் வரை ஆகலாம். நாள் முழுக்க ஏசியிலேயே அடைத்து வைத்தால் பழகவே பழகாது, அதனால் நிழலும் காற்றும் உள்ள இடத்தில் கொஞ்ச நேரமாவது இருக்கட்டும். புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு வினாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது. காற்றில் ஈரம் அதிகமான நாளில் வெயில் குறைவாக இருந்தாலும் ஏமாறாதீர்கள், மூச்சிரைத்தாலும் சூடு வெளியே போகாது. ஹஸ்கி, லாப்ரடார் மாதிரி இரட்டை ரோமம் உள்ள நாய்க்கு மொட்டை அடிக்கவே வேண்டாம், அந்த ரோமம்தான் வெயிலைத் தடுக்கிறது. உதிரும் உள் ரோமத்தைச் சீப்பால் வாரி எடுத்தால் போதும். நிறுத்திய காருக்குள் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள்: வெளியே 24 டிகிரி இருந்தாலே பத்து நிமிடத்தில் உள்ளே 34 ஆகிவிடும்.

நிற்காத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், கடும் சிவப்பு ஈறு, தள்ளாட்டம், வாந்தி எதைப் பார்த்தாலும் ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாயின் இயல்பான சூடு 38லிருந்து 39 டிகிரி, 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள், ஐஸைத் தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள். ஈரத்துண்டைப் போர்த்தி வைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும். வாயில் தண்ணீரைப் புகட்டக்கூடாது, தானாகக் குடித்தால் குடிக்கட்டும். முதலில் குளிர வையுங்கள், அப்புறம்தான் மருத்துவமனை. எழுந்து நின்றுவிட்டாலும் கட்டாயம் கூட்டிப் போங்கள், உள்ளுறுப்புப் பாதிப்பு பிறகுதான் தெரியவரும்.

பலர் கவனிக்காமல் விடுவது பூச்சிகளை. வெயில் நாட்டில் உண்ணி வருஷம் முழுக்க இருக்கும், அது கடித்துப் பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகளைக் குறைத்துவிடும். கொசுவால் இதயப்புழு வரும். அது இல்லாத ஊரிலிருந்து வரும் நாய்க்கு அதுவரை மாத்திரையே தேவைப்பட்டிருக்காது. அதனால் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு மாதாந்திர மாத்திரையைத் தொடங்குங்கள். கோலி (Collie) இன நாய்களில் சிலவற்றுக்கு, இதயப்புழு மாத்திரைகள் சிலவற்றில் இருக்கும் ஐவர்மெக்டின் என்ற மருந்து அதிக அளவில் ஒத்துக்கொள்ளாது, அதையும் சொல்லிக் கேளுங்கள். போய்ச் சேர்ந்து ஆறேழு மாதம் கழித்து இதயப்புழுவுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், அதற்கு முன்னால் புழு இருந்தாலும் பரிசோதனையில் தெரியாது. இடையில் ஒரு மாதம் மாத்திரை விட்டுப்போயிருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.