காட்பாடியிலிருந்து மவுண்ட் ரோடு: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

வேலூர்ப் பக்கத்தில் சென்னையின் அண்ணா சாலையை இன்றும் மவுண்ட் ரோடு என்றே சொல்கிறோம். புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குச் செல்லும் பாதை என்பதால் அமைந்த பெயர் அது. கல்யாணத் துணிமணி வாங்கத் தலைநகருக்குப் போகும் நம் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர், தி.நகருக்குப் போகிற வழியில் இந்தச் சாலையைப் பேருந்துச் சன்னலிலிருந்து பார்த்ததோடு சரி. ஒரு முறையாவது இதை நடந்தே பார்க்க வேண்டும்.

படி 1: காட்பாடியிலோ வாலாஜா ரோட்டிலோ காலை ஏலகிரி விரைவு ரயிலைப் பிடியுங்கள். ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி நெரிசலில் பாதி நாளை இழப்பதைவிட ரயிலே மேல் என்பது என் அனுபவம்.

படி 2: சென்ட்ரலில் இறங்கியதும் மெட்ரோ நிலையத்துக்குச் செல்லுங்கள். முதல் முறை நான் வழி தவறியது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இந்த நிலையத்தில் நீலத் தடம், பச்சைத் தடம் என இரண்டு தடங்கள் சந்திக்கின்றன. நீலத் தடத்தில் விமான நிலையம் செல்லும் ரயில் அண்ணா சாலைக்கு அடியிலேயே போகும். ஆனால் கோயம்பேடு வழியாக விமான நிலையம் செல்லும் ரயில்களும் பச்சைத் தடத்தில் இயங்குவதுண்டு. 'விமான நிலையம்' என்ற பெயரை மட்டும் பார்த்து ஏறிய நான் எழும்பூரில் இறங்கித் திரும்பி வர நேர்ந்தது. ஆகவே கடைசி நிலையத்தின் பெயரைப் பார்க்காமல் அடுத்த நிலையத்தின் பெயரைப் பாருங்கள்: அது 'அரசினர் தோட்டம்' என்றால் ஏறலாம், 'எழும்பூர்' என்றால் ஏற வேண்டாம். பயணச்சீட்டுக்கு ஒவ்வொரு முறையும் வரிசையில் நிற்பதைவிடச் சிங்காரச் சென்னை அட்டையை வாங்கி வைத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.

படி 3: அரசினர் தோட்டத்தில் இறங்கித் தெற்கு நோக்கி நடங்கள். அண்ணா சிலை நிற்கும் சந்திப்பில் கடற்கரைப் பக்கமாகப் பிரிவது வாலாஜா சாலை. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயர்தான் அது. நம் வாலாஜாப்பேட்டைக்கும் அவர் பெயரே. 1768இல் அவர் சேப்பாக்கத்தில் அரண்மனை அமைத்துக்கொண்டு இங்கே குடியேறினார். நம் ஊர்ப் பெயர் தலைநகரின் நடுவில் ஒரு பலகையில் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு நான் நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

மின்னணுப் பொருள்கள் தேவையென்றால் அருகிலேயே ரிச்சி தெரு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும்; வார நாளில் செல்லுங்கள்.

அடுத்து, 1844இல் தொடங்கப்பட்ட ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடைக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இப்போதுள்ள கட்டடம் 1904ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உள்ளே நுழைந்ததும் புத்தகத்தைத் தேடாமல் முதலில் அண்ணாந்து கூரையைப் பாருங்கள். பிறகு குனிந்து கருப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாகப் பதித்த தரையைப் பாருங்கள். வெளியே வாகன இரைச்சல் எவ்வளவு இருந்தாலும் அந்த உயரமான கூடத்தில் குரல் தாழ்த்திப் பேசவே தோன்றும். பரிசுப் பொருளுக்குப் பூம்புகார் விற்பனை நிலையம் நல்லது. அரசு நிறுவனம் என்பதால் பேரம் பேசும் தொல்லை இல்லை.

1959இல் திறக்கப்பட்ட பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடமும், அதைத் தாண்டியுள்ள ஸ்பென்சர் பிளாசாவும் வழியிலேயே வரும். வெயில் ஏறிவிட்டால் ஸ்பென்சருக்குள் சற்று உட்கார்ந்து எழலாம். உணவுக்கு என் தேர்வு 1951இல் தொடங்கிய புகாரி ஓட்டல். ஆம்பூர் பிரியாணிக்குப் பழகிய நாக்குக்கு அங்கே வேறொரு சுவை கிடைக்கும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு வயதான தாயாருடன் சென்ற குடியாத்தம் வாசகர் ஒருவர், சாலையைக் கடக்க முடியாமல் தவித்ததாக எழுதியிருந்தார். வாகனங்களுக்கு இடையே புகுந்து கடக்க முயல வேண்டாம். அருகிலுள்ள மெட்ரோ நிலையத்துக்குள் மின்தூக்கியில் இறங்கி, எந்த வாயில் எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விடும் என்று பணியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது ஆயிரம் விளக்கு நிலையத்தில் ஏறினால் நீலத் தடத்திலேயே நேராகச் சென்ட்ரலை அடையலாம். மாலை ரயிலுக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே ஆயிரம் விளக்கிலிருந்து கிளம்பிவிடுங்கள்.