துணை அண்டார்க்டிக் தீவில் இறங்கும் முன்: விதையும் நோயும் கூடவே ஏறிவராமல் தடுக்கும் முறை

தென் பெருங்கடலில் ஏறக்குறைய 46 முதல் 55 பாகை தென் அட்சத்துக்குள் சிதறிக் கிடக்கும் தெற்கு ஜார்ஜியா, மெக்குவாரி, மரியன், கெர்கெலென், ஹெர்ட் ஆகிய தீவுகளில் மரம் கிடையாது. மனிதர் கொண்டுவரும் வரை எலி, பூனை, முயல் எதுவும் இருந்ததில்லை. அங்குள்ள கடற்பறவைகள் பெரும்பாலும் தரையிலோ மண்ணில் வளை தோண்டியோ முட்டையிடுகின்றன. நாலுகால் எதிரியிடமிருந்து குஞ்சைக் காக்கும் வழக்கம் அவற்றுக்கு ஏற்படவே இல்லை. ஆகவே அத்தீவுகளுக்குக் கப்பலில் செல்லும் பயணி ஆற்றவேண்டிய பாதுகாப்புப் பணியில் பெரும்பகுதி, கரையில் கால் வைப்பதற்கு முன்பே, தம் அறையில், தம் உடைமைகளின் மடிப்புகளுக்குள் முடிந்துவிட வேண்டும். பயணிகள் அதிகம் செல்லும் தெற்கு ஜார்ஜியாவின் நடைமுறையை வைத்து அதை விளக்குகிறேன்.

விதிகளின் கடுமை சிலருக்கு எரிச்சலூட்டும். ஆனால் அதற்குக் காரணம் தெற்கு ஜார்ஜியாவின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1775இல் ஜேம்ஸ் குக் அங்கே இறங்கிய பின்னர், சீல் (கடல்நாய்) வேட்டைக் கப்பல்களோடு எலிகளும் வந்து சேர்ந்தன. தீவின் ஒரே பாடும் பறவையான தெற்கு ஜார்ஜியா பிபிட், எலி எட்டாத சிறு தீவுகளிலும், பனியாறுகள் குறுக்கே நின்று காத்த சில பகுதிகளிலும் மட்டுமே பிழைத்தது. பனியாறுகள் பின்வாங்கத் தொடங்கியதும் அந்த அரணும் உடையும் நிலை ஏற்பட்டதால், 2011 முதல் 2015 வரை ஹெலிகாப்டர்கள் மூலம் நஞ்சு கலந்த இரை தூவப்பட்டது. 2018 மே மாதம்தான் தீவில் எலி இல்லை என்று அறிவிக்க முடிந்தது. மரியன் தீவின் கதை இன்னும் கசப்பானது. ஆய்வு நிலையத்தில் சுண்டெலிகளைப் பிடிக்க 1949இல் கொண்டுவரப்பட்ட 5 பூனைகள் ஆயிரக்கணக்கில் பெருகிப் பறவைகளைச் சூறையாடின. அவற்றை 1991இல் ஒழித்து முடித்த பின்னும் எஞ்சிய சுண்டெலிகள், இப்போது அல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவையின் உயிருள்ள குஞ்சுகளையே கடித்துத் தின்கின்றன.

பயணி எலியைக் கொண்டுவர வாய்ப்பு குறைவு. விதையைக் கொண்டுவர வாய்ப்பு மிக அதிகம். வெளியுடை வழுவழுப்பான துணியாக இருக்கட்டும்; கம்பளியும் உரோமமும் விதைக்கு ஏற்ற இடங்கள். எல்லாப் பைகளையும் வெளிப்பக்கமாகத் திருப்பி, தையல் மூலைகளில் தங்கியிருக்கும் தூசியை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சியெடுக்க வேண்டும். வெல்க்ரோ ஒட்டுப்பட்டைதான் மிகவும் சிக்கலான இடம். நல்ல வெளிச்சத்தில் அதன் கொக்கிப் பக்கத்தை வளைத்துப் பிடித்தால், நூல் கழிவுகளுக்கிடையே வைக்கோல் நிறத்தில் சில மில்லிமீட்டர் நீளப் புல்விதைகள் செருகியிருப்பது தெரியும். தூரிகையால் தேய்த்தால் அவை இன்னும் ஆழமாகப் போகும்; ஊசி முனையால் நெம்பி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பதே சரி. பூட்ஸை ஊறவைத்து, அடிப்பள்ளங்களைக் குச்சியால் சுரண்டி, நாக்குப் பட்டையின் அடியையும் கயிற்றுத் துளைகளையும் தனியே பார்க்க வேண்டும். ஊன்றுகோலின் முனை உறையைக் கழற்றினால் பழைய பயணத்தின் மண் உள்ளே கெட்டியாக இருக்கும்.

புகைப்படக்காரர்கள் உடையைத் துப்புரவாகச் சுத்தம் செய்துவிட்டுக் கருவிப் பையை மறந்துவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. பையின் தடுப்புகளையெல்லாம் பிரித்தெடுங்கள். முக்காலியின் கால் இணைப்புகளைத் தளர்த்தித் துடையுங்கள்.

சுத்தம் ஒருமுறையோடு முடிவதில்லை. 1904இல் தொடங்கிய திமிங்கில வேட்டை நிலையமான கிரித்விகென் பகுதியில் அயல் புல்லும் டான்டிலியன் என்னும் களைச்செடியும் இன்றும் வளர்கின்றன. அங்கிருந்து அடுத்த விரிகுடாவுக்குச் செல்வதும் புதிய தீவுக்குச் செல்வது போன்றதே. அத்தீவில் இயல்பாக வளரும் அசீனா என்னும் செடியின் முள்காய்கள் கால்சட்டையில் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். அவற்றையும் ஒட்டிய இடத்திலேயே பறித்துப் போட்டுவிட வேண்டும். ஒவ்வோர் இறக்கத்துக்கு முன்னும் பின்னும் பூட்ஸைக் கழுவிக் கிருமிநாசினியில் முக்குவது கட்டாயம். அரசு அலுவலர் கப்பலுக்கு வந்து பூட்ஸ்களையும் மேலுடைகளையும் சோதிப்பார். அவர் ஒரு விதையைக் கண்டுபிடித்தால் வாதாடாமல் மீண்டும் சுத்தம் செய்யுங்கள்.

2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாவின் பறவைத் தீவில் இருந்த பழுப்பு ஸ்குவா என்னும் கடற்பறவைகளிடம் எச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. பின்னர் யானை சீல்களும் அதற்குப் பலியாயின. அதன்பின் கரையில் உட்காருவது, மண்டியிடுவது, பையைத் தரையில் வைப்பது ஆகியன தடைசெய்யப்பட்டன. முழங்காலிட்டுத் தாழ்வான கோணத்தில் படமெடுக்கும் ஆசையைக் கைவிடத்தான் வேண்டும். உணவு எதையும் கரைக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் ஓரிடத்தில் இறங்க அனுமதியில்லை. விலங்குகளுக்குக் குறைந்தது 5 மீட்டர் இடைவெளி விடுங்கள். வழிகாட்டி அதைவிட அதிக இடைவெளி சொன்னால் அதுவே விதி. அரச பெங்குயின் ஓர் குஞ்சை வளர்த்து முடிக்க ஓராண்டுக்கு மேலாவதால், எந்தப் பருவத்தில் சென்றாலும் கரையில் பழுப்புத் தூவி போர்த்திய குஞ்சுகள் நிற்கும். அவை தாமாக உங்களை நோக்கி வந்தால் அசையாமல் நில்லுங்கள், கை நீட்டாதீர்கள். சிறகு உதிர்க்கும் பெங்குயின்கள் கடலுக்குள் இரை தேடிப் போக முடியாமல் பட்டினியாய் நிற்பவை. அவற்றை ஓரடி நகரச் செய்தாலும் சேமித்த ஆற்றலை வீணாக்குகிறோம். டிசம்பர், ஜனவரியில் ஃபர் சீல்கள் கடற்கரைகளை நிறைத்துவிடும். ஆண் ஒன்று சீறி ஓடிவந்தால் திரும்பி ஓடக் கூடாது. அதை நேராகப் பார்த்து நின்று, கைதட்டி ஒலியெழுப்பி, பிறகு மெல்லப் பின்வாங்க வேண்டும். சீலுக்கும் கடலுக்கும் நடுவே ஒருபோதும் நிற்காதீர்கள். டசாக் புல்திட்டுகளின் வேர்களுக்கிடையே வளைப்பறவைகள் கூடுகட்டுவதால், வழிகாட்டி கொடியிட்ட தடத்தை விட்டு விலகினால் வளையின் கூரை இடிந்து குஞ்சு புதையலாம்.

கப்பலுக்குத் திரும்பிய பிறகும் ஒரு கடமை எஞ்சுகிறது. மூடுபனி இரவுகளில் பிரியான், மூழ்கு பெட்ரல் என்னும் சிறு கடற்பறவைகள் கப்பல் விளக்கை நோக்கிப் பறந்து தளத்தில் மோதி விழுகின்றன. பொழுது சாய்ந்ததும் அறைத் திரையை முழுதாக இழுத்து மூடுங்கள். பால்கனி விளக்கை அணைத்துவிடுங்கள். தளத்தில் விழுந்த பறவையைக் கண்டால் வெறுங்கையால் தொடாமல் ஊழியரை உடனே அழையுங்கள். அவர்கள் கையுறையணிந்து அதை உலர்ந்த, இருண்ட அட்டைப்பெட்டிக்குள் வைத்து, தெளிந்த பின் விளக்கொளி படாத பக்கமாகக் கடலில் விடுவார்கள்.