பழைய கிராஃப்ட்ஸ்மேன் மேசை ரம்பத்தைப் புதுப்பித்தல்

அமெரிக்க வீடுகளின் கராஜ்களில் இன்றும் காணக்கிடைக்கும் பழைய மேசை ரம்பங்களில் (மேசையின் நடுவே வட்டத் தகடு சுழன்று மரம் அறுக்கும் இயந்திரங்கள்), சியர்ஸ் நிறுவனம் கிராஃப்ட்ஸ்மேன் என்ற பெயரில் விற்ற 10 அங்குல ரம்பமே வீட்டுப் பட்டறைக்கு மிகவும் ஏற்றது என்பது என் கருத்து. பெயர்ப்பலகையில் பொறித்த மாடல் எண் 113 என்று தொடங்கினால், அதைச் சியர்ஸுக்காகச் செய்துகொடுத்தது பெரும்பாலும் எமர்சன் எலக்ட்ரிக் என்று அறியலாம். வார்ப்பிரும்பு மேசை, பின்புறம் தொங்கும் மோட்டார், ஒற்றை பெல்ட் என அமைப்பு எளிமையாக இருப்பதால், சாதாரண ஸ்பேனர்களைக் கொண்டே பெரும்பாலான பாகங்களைக் கழற்றிவிடலாம். வாங்கும்போது துருவைக் கண்டு தயங்க வேண்டாம். மேசைக்கு அடியில் ரம்பத் தகட்டின் அமைப்பைத் தாங்கும் டிரனியன் வார்ப்புகளில் விரிசல் இருக்கிறதா என்பதைத்தான் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் அந்த ரம்பத்தை விட்டுவிடுவதே நல்லது.

முதலில் பிளக்கைப் பிடுங்கி, ரம்பத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு பாகத்தையும் பிரிப்பதற்கு முன் புகைப்படம் எடுத்துக்கொள்ளவும். மின்கம்பியின் ரப்பர் உறை வெடித்திருந்தால், தரையிணைப்பு உள்ள மூன்று கம்பி ஒயரை மாற்றிய பிறகே மோட்டாரை ஓட்டிப் பார்க்கலாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயின்டில் ஈயத்தை அமெரிக்கா தடை செய்ததே 1978இல்தான். ஆகவே அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது.

மேசையில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் ஊறவிட்டு, சவர பிளேடைத் தட்டையாகப் பிடித்துச் சுரண்டினால் துரு செந்நிறச் சேறாகத் திரண்டு வரும். பிறகு நைலான் தேய்ப்பானால் நீளவாக்கில் தேய்த்துத் துடைத்து, சிலிக்கோன் கலக்காத மெழுகைப் பூசவும். சிலிக்கோன் மரத்தில் ஒட்டிக்கொண்டால் பின்னர் வார்னிஷ் சரியாகப் பிடிக்காது. ஆங்கிள் கிரைண்டரை மட்டும் மேசைமேல் வைக்காதீர்கள், அது உண்டாக்கும் பள்ளத்தை வீட்டில் சரிசெய்ய முடியாது. அடியிலுள்ள பற்சக்கரங்களில் பிசினோடு இறுகிய மரத்தூளை பிரஷால் நீக்கிவிட்டு, கிரீஸுக்குப் பதிலாக மெழுகு தடவவும். கிரீஸ் புதுத் தூளை ஈர்த்து மறுபடியும் கட்டியாக்கிவிடும்.

பெல்ட்டைக் கழற்றி, தகடு மாட்டும் ஷாஃப்டைக் கையால் மெல்லச் சுழற்றும்போது மணல் நெரிவது போல விரல்களுக்குத் தெரிந்தால் பேரிங்குகளை மாற்ற வேண்டும். பழைய பேரிங்கில் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லியே புதியதை வாங்கலாம். ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டுமே அழுத்தவும். வெளிவளையத்தில் சுத்தியால் அடித்தால் புது பேரிங் மாட்டும்போதே கெட்டுவிடும்.

இவ்வளவும் செய்து பளபளவென்று நிறுத்தினாலும், தகடு மேசையின் மைட்டர் காடிக்கு (மேசைமேல் முன்பின்னாக ஓடும் நேர்ப்பள்ளம்) இணையாக இல்லாவிட்டால் அந்த ரம்பம் நேராக அறுக்காது, மரத்தை நம்மை நோக்கி எறியவும் கூடும். எனவே மற்ற எல்லா வேலையையும்விட இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். ஒரு பல்லில் மார்க்கரால் குறியிட்டு, அதை மேசையின் முன்பக்கம் கொண்டுவந்து, அளவுகோல் நகரக்கூடிய மூலைமட்டத்தின் தலையைக் காடியின் விளிம்பில் அழுத்தி, அளவுகோலின் நுனி அந்தப் பல்லை உரசும் இடத்தில் பூட்டவும். பிறகு தகட்டைக் கையால் சுழற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மூலைமட்டத்தை அங்கே நகர்த்திப் பார்க்கவும். நான் முதல்முறை முன்னால் ஒரு பல்லையும் பின்னால் வேறொரு பல்லையும் அளந்து, நேராக இருந்த ரம்பத்தை ஒரு மாலை முழுவதும் திருத்திக்கொண்டிருந்தேன். அளக்கும் பல் மாறவே கூடாது. வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், டிரனியனை மேசையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் ஒன்றை அரை இறுக்கமாக விட்டு மற்றவற்றைத் தளர்த்தி, மரக்கட்டை வைத்துப் பின்பக்கத்தை மெல்லத் தட்டவும். இறுக்கும்போதும் அது நகரும் என்பதால் ஒவ்வொரு போல்ட்டுக்குப் பிறகும் அளக்க வேண்டும். தகட்டை 45 பாகைக்குச் சாய்த்து மீண்டும் அளவெடுத்து, அங்கே மட்டும் பிசகினால் டிரனியனுக்கும் மேசைக்கும் இடையில் மெல்லிய உலோகத் துண்டு வைத்துச் சரிசெய்யலாம்.

அடுத்து, பலகையை ஒட்டி நகர்த்த உதவும் சட்டமான ஃபென்ஸைக் காடிக்கு இணையாக்கி, அறுத்த பிளவு மூடிக்கொள்ளாமல் தகட்டின் பின்னால் நிற்கும் பிளவுத்தகட்டையும் தகட்டின் மேல் மூடியையும் கட்டாயம் மாட்டவும். பழைய ரம்பங்களில் பலர் இவ்விரண்டையும் கழற்றி எறிந்திருப்பார்கள்; கிடைக்கவில்லை என்றால் புதிதாக வாங்கிப் பொருத்தும்வரை ரம்பத்தை ஓட்டாதீர்கள். சோதனைக்கு அறுக்கும் பலகையின் ஓரம் கருகியிருந்தாலோ, தகட்டின் பின்பற்கள் வளைகோடுகளைப் பதித்திருந்தாலோ, மூலைமட்டத்தை மறுபடியும் கையில் எடுக்க வேண்டும்.