ஸ்வஸ்திகத்தை விளக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி நெருங்கினால் போதும், ஆஸ்திரேலியாவில், மெல்பர்னில் எங்கள் கோயில் தொண்டர் குழுவில் புதிதாக நாலைந்து பிள்ளைகள் வந்து சேர்ந்துவிடுவார்கள். பள்ளிக்கூடம், நூலகம், கவுன்சில் அரங்கு என்று போய், ஸ்வஸ்திகம் வேறு நாஜிச் சின்னம் வேறு என்று விளக்குகிற வேலை. ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாங்கள் ஆரம்ப காலத்தில் உளறியதையெல்லாம் அட்சரம் பிசகாமல் இவர்களும் உளறுகிறார்கள், அதைப் பார்த்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். கோபப்படாதே, சத்தம் போடாதே மாதிரி எல்லோருக்கும் தெரிந்ததை விட்டுவிடுகிறேன்.

நம்முடையது வலம், அவர்களுடையது இடம்

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான், அதனால் நீளமாகவே சொல்கிறேன். எல்லோருடைய போனிலும் ஒரு வாட்ஸ்அப் படம் இருக்கிறது. ஒரு பக்கம் நம்முடைய ஸ்வஸ்திகம், செந்தூர நிறத்தில், நான்கு புள்ளிகளோடு. மறுபக்கம் கறுப்பில் நாஜிகளுடையது. நம்முடையது வலப்பக்கம் திரும்பும், அவர்களுடையது இடப்பக்கம் திரும்பும் என்று கீழே எழுதியிருக்கும். தப்பு. இந்துக்கள் வழக்கமாக வரைவதும் நாஜிக் கொடியில் இருந்ததும் ஒரே திசையில்தான் வளைகின்றன, கடிகார முள் சுற்றுகிற திசையில். 1935இல் ஜெர்மனியின் தேசியக் கொடியாக அறிவிக்கப்பட்டதே, அதன் படத்தை எடுத்துப் பாருங்கள், ஒரு நிமிஷ வேலை.

அந்த ஒரு நிமிஷத்தைச் செலவழிக்காத ஒரு பையன், பள்ளி ஒன்றில் இதே படத்தைத் திரையில் போட்டான். பின்வரிசையில் ஒரு மாணவி கையைத் தூக்கி, "அப்படியென்றால் ஜப்பானில் புத்தர் கோயில்களில் இருப்பது நாஜிச் சின்னமா?" என்று கேட்டாள். விடுமுறைக்கு அங்கே போய் வந்தவளாம். ஜப்பானிய வரைபடங்களில் கோயிலைக் குறிக்கும் அடையாளமே இடப்பக்கம் திரும்பிய ஸ்வஸ்திகம்தான். பையன் திரையைப் பார்த்தான், ஆசிரியரைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். அதற்கப்புறம் அவன் சொன்ன நல்ல விஷயங்கள் எதுவும் அந்த வகுப்பில் எடுபடவில்லை.

திசை கைவிட்டதும் சாய்வைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுடையது 45 டிகிரி சாய்ந்திருக்குமாம். தேசியக் கொடியில் சாய்ந்திருந்தது, சரி, ஆனால் ஹிட்லரின் தனிக் கொடியில் நேராகத்தானே நின்றது? நம் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். தரையில் போட்ட கோலத்துக்கு மேல் எது, கீழ் எது? வாசற்படியிலிருந்து பார்த்தால் நேராகத் தெரிவது, காரை நிறுத்திவிட்டுக் குறுக்கே நடந்து வருகிறவர் கண்ணுக்குச் சாய்ந்து தெரியும். கண்ணாடிக் கதவில் வரைந்தது வீட்டுக்குள்ளிருந்து வலம், தெருவிலிருந்து இடம். சிந்துவெளி முத்திரைகளில் இரண்டு திசையுமே உண்டு. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு போனால் பாதிப் பேரை நாமே நாஜியாக்கிவிடுவோம்.

இதைவிட மோசமானது எதிர்ப்பக்கம். யூதர்களின் தொழுகைக்கூடச் சுவரில் ராத்திரியோடு ராத்திரியாகப் பெயின்ட் அடித்துவிட்டு ஓடுகிறவன் திசை பார்த்தா வரைகிறான்? அவசரத்தில் மாற்றியும் வரைவான். இடப்பக்கம் திரும்பியிருக்கிறது, அதனால் பௌத்தச் சின்னம் என்று விட்டுவிட முடியுமா? யார் வரைந்தது, எங்கே வரைந்தது, எதற்காக வரைந்தது என்பதைப் பேசுங்கள். பாகைமானியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நான் கையோடு கொண்டுபோவது திருவெள்ளறைக் கிணற்றை மேலிருந்து எடுத்த படம். திருச்சிக்குப் பக்கத்தில், பல்லவன் தந்திவர்மன் காலத்தில், சுமார் கி.பி. 800இல் கம்பன் அரையன் என்பவர் எடுப்பித்தது. கல்வெட்டில் மாற்பிடுகு பெருங்கிணறு என்று பெயர். நான்கு பக்கமும் படிகள் இறங்கி ஒவ்வொன்றும் ஒரு முறை திரும்புவதால் முழுக் கிணறுமே ஸ்வஸ்திக வடிவம். ஒரு துறையில் குளிக்கிறவர் அடுத்த துறையில் இருப்பவர் கண்ணில் படமாட்டார், அதனால் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் மாமியார் மருமகள் குளம். இதைச் சொன்னதும் வகுப்பு சிரிக்கும், சிரித்தபிறகு கேள்வி கேட்கும். சமணர்களுக்கு அதன் நான்கு கைகள் தேவர், மனிதர், விலங்கு, நரகர் என்ற நான்கு பிறவி நிலைகள் என்று அப்போது சொன்னால் மனதில் நிற்கும்.

ஐயாயிரம் வருஷமும் இருபத்தைந்து வருஷமும்

நாஜிக் கட்சி ஸ்வஸ்திகத்தைக் கொடியில் ஏற்றியது 1920, எல்லாம் முடிந்தது 1945. உடனே நம்மவர்கள், நம்மிடம் ஐயாயிரம் வருஷம், அவர்களிடம் வெறும் இருபத்தைந்து என்று பெருமையாகக் கழித்தல் கணக்குப் போடுவார்கள். மெல்பர்ன், நாஜிகள் நடத்திய படுகொலையிலிருந்து தப்பிய யூதர்கள் பெருமளவில் வந்து குடியேறிய ஊர். எதிரே உட்கார்ந்திருக்கும் பாட்டியின் மொத்தக் குடும்பமும் போனது அந்த இருபத்தைந்து வருஷத்துக்குள்தான். முதலில் அவர் பேசட்டும்.

"ஹிட்லர் நம்மிடமிருந்து திருடினான்"

இவ்வளவு சுருக்கமாகச் சொன்னால் பாதிக் கதை போய்விடும். 1870களில் ஷ்லீமன் என்ற ஜெர்மன் அகழ்வாய்வாளர் ட்ராய் என்ற பழைய நகரைத் தோண்டியபோது இந்தச் சின்னம் ஏராளமாகக் கிடைத்தது. அதை ஆரிய இனக் கதையோடு முடிச்சுப் போட்டது ஐரோப்பிய அறிஞர்கள், அங்கிருந்துதான் ஜெர்மன் இனவாதக் குழுக்களிடம் போனது. அதே காலத்தில் மேற்கு நாடுகளில் சாதாரண ஜனங்களுக்கு இது வெறும் அதிர்ஷ்டச் சின்னம். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மது ஆலையின் யானை வாசலில் இன்றும் இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் 45ஆவது காலாட்படைப் பிரிவே 1930களின் இறுதிவரை இதைத் தோளில் அணிந்திருந்தது. இதையெல்லாம் கேட்கிற வெள்ளைக்காரர் முகம் மாறும், தன் தாத்தா வீட்டிலும் இருந்திருக்கலாம் என்று தோன்றுமல்லவா. திருட்டுப் புகார் கொடுத்தால் அந்த முகம் மாறாது.

பக்கத்து வீட்டுக்குச் சொல்லாமல் வாசலில் வரைவது

சொல்லிவிட்டு வரையுங்கள்.

ஹிட்லரை வேடிக்கையாக்குவது

நம் ஊரில் கண்டிப்பான வாத்தியாருக்கு ஹிட்லர் என்று பட்டப்பெயர். 2006இல் நவி மும்பையில் ஓர் உணவகத்துக்கே அந்தப் பெயரை வைத்து, எதிர்ப்பு கிளம்பிய பிறகு மாற்றினார்கள். கேள்வி நேரத்தில் இதை எடுத்துப் போட ஒருவராவது இருப்பார். அப்போது மழுப்பாதீர்கள், அசிங்கம்தான் என்று ஒத்துக்கொள்ளுங்கள். நம் சின்னத்தைப் புரிந்துகொள்ளுங்கள் என்று கேட்கப் போகிற நாம் யூதர்களுடைய சாவுகளைப் பற்றி நாலு பக்கமாவது படித்திருக்க வேண்டும்.

கைவிட்டவர்களைத் திட்டுவது

1940 பிப்ரவரியில் அரிசோனாவில் நவஹோ, ஹோப்பி, அப்பாச்சி, பாப்பகோ பழங்குடிகளின் பிரதிநிதிகள், தங்கள் கம்பளங்களிலும் கூடைகளிலும் இந்த அடையாளத்தை இனிப் போடுவதில்லை என்று கையெழுத்திட்டார்கள். முன்னோர்களின் நட்புச் சின்னம்தான், இருந்தும் விட்டார்கள். வட அமெரிக்க ஜைனச் சங்கங்களின் கூட்டமைப்பும் தன் இலச்சினையில் ஸ்வஸ்திகத்தின் இடத்தில் ஓம் போட்டிருக்கிறது. நமக்கு வேண்டும் என்பதற்காக அவர்களைக் கோழை என்று பேச நாம் யார்?

சட்டத்தைப் படிக்காமல் சட்டத்தைத் திட்டுவது

ஸ்வஸ்திகத்தைத் தடை செய்துவிட்டார்கள் என்று புலம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சட்டத்தைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 2022 டிசம்பரிலும் ஆஸ்திரேலியா முழுவதும் 2024 ஜனவரியிலும் நடைமுறைக்கு வந்த சட்டங்கள் நாஜிச் சின்னத்தைக் குறிவைத்தவை, மதப் பயன்பாட்டுக்கு விலக்கு உண்டு. அதோடு, 2008இல் ஜெருசலேமில் நடந்த இந்து–யூத சமயத் தலைவர்கள் மாநாட்டுப் பிரகடனத்தையும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இது இந்துக்களுக்கு நெடுங்காலமாகப் புனிதமானது என்பதும், நாஜிகள் இதைத் திரித்துப் பயன்படுத்தினார்கள் என்பதும் யூதத் தலைவர்கள் பங்கேற்ற அந்த மாநாட்டுப் பிரகடனத்திலேயே இருக்கிறது. நாம் அரை மணி நேரம் பேசுவதைவிட அந்த ஒரு பத்திக்கு மதிப்பு அதிகம்.