பயிற்சி மையத்தில் திணறும் பிள்ளைக்குத் தெம்பு சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ராணுவத் தேர்வுக்கு இளைஞர்களைப் பழக்குகிறேன். அவர்கள் தேர்வாகிப் போன பிறகுதான் பெற்றோரிடமிருந்து எனக்கு அழைப்புகள் அதிகமாக வருகின்றன. "இங்கே முதலாவதாக ஓடினவன் அங்கே கடைசியில் வருகிறானாம், என்ன சொல்லித் தேற்றுவது?" என்று கேட்கிறார்கள். ஆண்டுதோறும் குடும்பங்கள் மாறுகின்றன, தவறுகள் மட்டும் மாறுவதில்லை. போனில் அழுவது, திட்டுவது போன்றவை கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இங்கே ஓடியதை வைத்து அங்கே அளப்பது

தேர்வு முகாமில் ஓடுவது 1.6 கிலோமீட்டர். அதை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் 60 மதிப்பெண், பீம், அதாவது கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது, 10 எடுத்தால் 40 மதிப்பெண். பயிற்சியிலோ 2.4 கிலோமீட்டர் ஓட்டமும், பிறகு துப்பாக்கியும் முதுகுச் சுமையுமாக 5 கிலோமீட்டர் ஓட்டமும், கயிறு ஏறுதலும் வருகின்றன. நீலகிரியில் குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்துக்குப் போகும் கடலூர்ப் பையன், கடல்மட்டத்திலேயே வளர்ந்துவிட்டு ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் ஓட வேண்டியிருக்கிறது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு குறைவு என்பதால், முதல் சில வாரங்கள் அவர் பின்தங்குவதைச் சோம்பல் என்றோ பயம் என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. "போன வாரத்துக்கு இந்த வாரம் எப்படி?" என்று மட்டும் கேளுங்கள்.

பெரியப்பா மகனோடு ஒப்பிடுவது

ஒரு முறைகூட வேண்டாம்.

வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது

என்னை இன்றைக்கும் கோபப்படுத்தும் தவறு இதுதான். முதுநகர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், கெட்டிக்காரன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பேசும்போது, முழங்காலுக்குக் கீழே உள்பக்க எலும்பில் ஓரிடத்தில் மட்டும் குத்துகிறது என்றும், விரலால் அழுத்தினால் உயிர் போகிறது என்றும் சொல்லியிருக்கிறான். எம்.ஐ. ரூமுக்கு, அதாவது மையத்தின் மருத்துவ அறைக்குப் போனால் ஓய்வு எழுதிக் கொடுப்பார்கள், ஓய்வில் இருந்தால் பேட்ச் பின்னால் போய்விடும், கூடச் சேர்ந்தவர்களை விட்டு அடுத்த அணியோடு பயிற்சி முடிக்க வேண்டிவரும் என்று எவரோ சொன்னதை நம்பிய தகப்பனார், "பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுடா, ஆம்பளைப் பிள்ளை" என்று தைரியம் சொன்னார். அன்போடு சொன்ன வார்த்தைதான். அதைத் தட்ட மனமில்லாமல் பையனும் உஸ்தாதிடம் (பயிற்சி தருபவரிடம்) வாய் திறக்காமல் ஓடினான். ஒரு காலை ஓட்டத்தின் நடுவே எலும்பு முழுதாக முறிந்து விழுந்தான். தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் சில வார ஓய்வோடு முடிந்திருக்கக்கூடியது, அறுவை சிகிச்சையும் மாதக்கணக்கான படுக்கையும் ஆயிற்று.

புதிதாகக் கடும் பயிற்சிக்குள் நுழையும்போது தசை சீக்கிரம் பலம் பெற்றுவிடுகிறது, எலும்புக்கு மாதங்கள் தேவைப்படுகின்றன. தொடர்ந்து அதிரும் எலும்பில் நுண்ணிய விரிசல்கள் உண்டாகின்றன. அவற்றைச் சரிசெய்ய உடம்பு முதலில் பழுதான பகுதியை அரித்தெடுத்து, பிறகுதான் புதிய எலும்பை நிரப்புகிறது. இந்த இடைவெளியில் ஓட்டத்தைக் குறைக்காவிட்டால் விரிசல் பெரிதாகிறது. பயிற்சி வீரர்களிடம் இது உலகம் முழுவதும் காணப்படும் காயம். தொடக்கத்தில் எடுக்கும் எக்ஸ்ரேயில் பல நேரங்களில் எதுவும் தெரியாது என்பதால், "எக்ஸ்ரே நன்றாகத்தானே இருக்கிறது" என்று வீட்டிலிருந்து தீர்ப்புச் சொல்வதும் ஆபத்து.

ஆகவே, உடம்பெல்லாம் வலிக்கிறது என்று அவர் சொன்னால் கவலைப்பட வேண்டாம், அது பெரும்பாலும் தசைவலி. ஒரே இடத்தைக் காட்டி வலிக்கிறது என்றாலோ, ஒற்றைக் காலில் குதித்தால் தாங்கவில்லை என்றாலோ, படுத்த பிறகும் வலி அடங்கவில்லை என்றாலோ, "நாளைக் காலையிலேயே உஸ்தாதிடம் சொல்லிவிட்டு எம்.ஐ. ரூமுக்குப் போ, பேட்ச் பின்னால் போனால் போகட்டும், எங்களுக்கு வருத்தமில்லை" என்று சொல்லுங்கள். கடைசிச் சொற்களை விடாமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் வலியைவிட வீட்டாரின் ஏமாற்றத்துக்குத்தான் இந்தப் பிள்ளைகள் அதிகம் அஞ்சுகிறார்கள்.

வலி மாத்திரையைப் பார்சலில் அனுப்புவது

அனுப்பவே அனுப்பாதீர்கள். வலி மறைந்தால் விரிசலோடு ஓடுவார். உடம்பில் நீர் வற்றிய நிலையில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும்.

"முடியாவிட்டால் வந்துவிடு" என்பது

அவராக அந்தப் பேச்சை எடுக்காதபோது நீங்கள் எடுக்காதீர்கள்.

பேட்ச் பின்தள்ளப்பட்டதை ஊரிடம் மறைப்பது

பயிற்சியின்போது வைக்கும் தேர்வில் தவறியவரையும் காயம்பட்டவரையும் அடுத்த பேட்சில் சேர்ப்பது பயிற்சி மையங்களின் வழக்கமான நடைமுறை. குடும்பம் அதை உறவினரிடம் மூடி மறைக்கிறது என்று பையனுக்குத் தெரிந்துவிட்டால், தான் அவமானத்துக்குரிய காரியம் செய்துவிட்டதாகவே எண்ணிக்கொள்வார். மஞ்சக்குப்பத்து அம்மா ஒருவர், விசாரித்தவர்களிடமெல்லாம் "கால் சரியாகட்டும் என்று அடுத்த பேட்சில் வைத்திருக்கிறார்கள்" என்று வெளிப்படையாகச் சொல்லிவந்தார். அதைச் சித்தி வாயிலாகக் கேள்விப்பட்ட மகன், அந்த வாரம் முதன்முறையாகத் தானே வீட்டுக்குப் பேசினான். சத்தியப் பிரமாண அணிவகுப்புக்குக் குன்னூர் போக ரயில் டிக்கெட் எடுத்திருந்தால் சத்தமில்லாமல் ரத்து செய்துவிட்டு, புதிய தேதியை அவர் வாயால் சொல்லும்வரை காத்திருங்கள்.